மர டாக்டரும் பூசணிக்காய் அறையும்

என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் அக்கா கணவருக்கு, பூச்சி என்றால் ஆகாது. பயம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அருவருப்பு என்று திருத்துவார். குளியலறையில் ஒரு கரப்பான் தலைகாட்டினால் போதும், பாதிக் குளியலில் துண்டோடு வெளியே வந்து நின்று, வீட்டில் இருப்பவர்களைப் பொதுவாகப் பார்த்து, "யாராவது உள்ள போய்ப் பாருங்க" என்பார். யாராவது என்றால் அக்கா. அக்கா போய் ஒரே அடியில் காரியத்தை முடித்து, செருப்பைக் கழுவி வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குத் திரும்பிவிடுவார். இந்த மனிதருக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சோறு போடுவது பூச்சிதான்.

ஆரம்பத்தில் அவர் பூச்சிமருந்துப் புகைக்காரர். தோளில் இயந்திரம், முகத்தில் முகமூடி, தெருமுனையில் உறுமிக்கொண்டு நுழைவார். ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும். அந்தச் சத்தத்தை ஒரு மரியாதையாகவே அவர் எடுத்துக்கொண்டார். அந்தத் தொழிலில் அவருக்கு மிகவும் பிடித்த விஷயம், புகைக்குள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பது. எதைக் கொல்கிறோம் என்று ஒரு நாளும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு நகராட்சி ஒவ்வொரு மருந்தாகத் தடை செய்தது. வசதியான வீடுகளில் இருப்பவர்கள் 'இயற்கை, இயற்கை' என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதே வருடம் சகலைக்கு மனமாற்றம் ஏற்பட்டது. எப்படி ஏற்பட்டது என்பதை அவர் வாயால் கேட்க வேண்டும். ஒரு காலைப் புகையில் குருவி ஒன்று அவர் காலடியில் செத்து விழுந்ததாம். அன்றே இயந்திரத்தை இறக்கி வைத்துவிட்டாராம். நான் முதலில் கேட்டபோது ஒரு குருவி. அடுத்த வருடம் தாயும் குஞ்சும். இப்போது கேட்டால் ஒரு கூடே காலடியில் விழுகிறது.

மனமாற்றத்துக்குப் பிறகு பச்சைச் சட்டை தைத்துக்கொண்டார். ஒரு வேன் வாங்கி அதன் பக்கவாட்டில் சிவப்பாக, கறுப்புப் புள்ளிகளோடு, கண் இமை வரைந்து சிரிக்கிற ஒரு பொறிவண்டை எழுதவைத்தார். அதற்கு மேலே 'மர டாக்டர்'. மருந்துக்கடையில் ஒரு ஸ்டெதாஸ்கோப்பும் வாங்கினார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை அதை மரத்தின் மேல் வைத்துக் கண்ணை மூடுவதுதான். வீட்டுக்காரர் ஏதாவது பேச வந்தால் கையை உயர்த்தி அடக்குவார். ஒருமுறை தனியாக இருக்கும்போது, "அண்ணே, அதுல என்னதான் கேக்குது?" என்றேன்.

"கேக்குதுன்னு யாரு சொன்னா தம்பி? அவங்க பாக்குறாங்கல்ல" என்றார்.

சோப்புத் தண்ணீர் தெளித்தால் வாசனை வருவதில்லை. வாசனை வராவிட்டால் மருந்து அடித்த மாதிரி ஜனங்களுக்கு இருப்பதில்லை. அதனால் அதில் யூகலிப்டஸ் தைலத்தைத் தாராளமாகக் கலந்தார். வீட்டம்மாக்கள் மூக்கை உறிஞ்சி, "இதுல்ல மருந்து" என்று திருப்திப்பட்டார்கள். எனக்கு எரிச்சல் எங்கே என்றால், அவர் செய்வதில் பாதி சரியான வேலை. சோப்புத் தண்ணீர் பூச்சியைக் கொல்லும். அடிமரத்தில் பசைப் பட்டை கட்டினால் எறும்பு ஏறாது. பூச்சி சொட்டும் இனிப்புக்காக அதற்குக் காவல் நிற்பது எறும்பு; எறும்பு ஏறாவிட்டால் பூச்சிக்குக் காவல் இல்லை. நோய்க் கிளையை வெட்டி மூடிப் போட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்பதும் சரி. ஆனால் சரியான வேலையைக்கூட மோசடிக்காரனைப் போலச் செய்ய ஒரு தனித் திறமை வேண்டும். அது அவரிடம் ஏராளமாக இருந்தது.

திறமை இருந்ததே தவிர வரும்படி இல்லை. அவரும் அக்காவும் எங்கள் மாமனார் வீட்டில்தான் இருந்தார்கள். தற்காலிகம் என்று சொல்லி வந்தவர்கள்; அந்தத் தற்காலிகத்துக்குள் அவர்கள் மகள் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டாள். மாமனார் எதையும் நேராகச் சொல்கிறவர் இல்லை. பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, இன்னிக்கு எந்த மரத்துக்குக் காய்ச்சல்?" என்று மட்டும் கேட்பார். பேப்பருக்குப் பின்னால் தோள் குலுங்கும்.

மரத்தைத் தின்னும் பூச்சியைத் தின்ன ஒரு வகை வண்டை விடுகிற யோசனை சகலைக்கு எங்கிருந்தோ கிடைத்தது. அந்த வண்டுகளை வளர்த்து விற்கிற பண்ணை ஒன்று இருந்தது, தபாலில் அனுப்பினார்கள். முதல் பெட்டி வந்தபோது முக்கால்வாசி செத்திருந்தது. சகலை பெட்டியைத் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, செத்ததையே ஏணியில் ஏறித் தூவிவிட்டு வந்தால் என்ன என்று யோசித்தார். "மேல போனா யாரு பாக்கப் போறாங்க?" என்பது அவர் வாதம். அக்கா அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அக்கா கல்யாணத்துக்கு முன்பு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். இப்போதும் யாரையாவது பார்த்தால் முதலில் முழங்கை மடிப்பைத்தான் பார்ப்பார். மாமனார் பழைய பேப்பர்களை அடுக்கி வைத்திருந்த அறையை அக்கா காலி செய்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, பூசணிக்காய்களை வரிசையாக வைத்தார். பூசணிக்காய் எதற்கென்றால், இந்த வண்டு மாவுப்பூச்சியைத்தான் தின்னும். அதனால் முதலில் மாவுப்பூச்சியை வளர்க்க வேண்டும். அது வளரப் பூசணித் தோல் அருமையான இடம். சில வாரங்களில் காய் முழுக்க யாரோ பவுடர் அடித்த மாதிரி வெள்ளை பிடித்தது. பிறகு உயிரோடு மிஞ்சிய வண்டுகளை விட்டார். அவை தின்றன, முட்டையிட்டன, பெருகின. மகளுக்கு வரன் பார்த்தபோதுகூட அக்கா அவ்வளவு கவனமாக இருந்ததை நாங்கள் பார்த்ததில்லை.

சகலை அந்த அறைக்குள் ஒரு நாளும் காலடி வைக்கவில்லை. கூடத்தின் கோடியில் நிற்பார். அக்கா காகிதக் குவளைகளில் வண்டுகளைப் போட்டு, துணியால் மூடி ரப்பர் வளையம் மாட்டிக் கொண்டுவந்து நீட்டுவார். இவர் செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் வாங்கிக்கொள்வார்.

மாமனார் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "வீட்டோட மாப்பிள்ளைன்னு ஒருத்தர் இருந்தாரு. இப்ப வீட்டோட பூச்சியும் சேந்துருச்சு. அதுங்களாவது இனம் பெருகுது."

அன்று சகலைக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். பெரிய ஒப்பந்தம் ஒன்று கைக்கு வந்த மறுநாளே தனி வீடு பார்த்துப் போய்விடுவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மாமனார் பேப்பரை இறக்கிப் பார்த்தார். அவர் பேப்பரை இறக்குவது அபூர்வம்.

அந்தப் பெரிய ஒப்பந்தம் நான் குடியிருக்கும் இடத்திலிருந்தே வந்து தொலைத்தது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில் மூன்று பூவரச மரங்கள். அவற்றின் நிழலில்தான் கார்கள் நிற்கும். அந்த வருடம் மரங்களில் மாவுப்பூச்சி பிடித்தது. கொழுந்துகளிலும் இலைக்கு அடியிலும் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சின. உறிஞ்சியதில் பாதியைப் பிசுபிசுப்பாகக் கீழே சொட்டின. கார்களின் மேல் பசை, பசையின் மேல் தூசி, பிறகு கரி அப்பியதுபோல் கறுப்பு. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அப்போதுதான் புதுக் கார் வாங்கியிருந்தார். அவர் இந்த வேற்றுமொழி ஊரில் நம் மொழிக்காரர், சுங்க இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் காரைத் தினமும் மான்தோல் துணியால் துடைப்பவர். மூன்று மரத்தையும் வெட்டிவிட்டுத் தகரக் கூரை போடுவது என்று சங்கக் கூட்டத்தில் சொல்லிவிட்டார். யாரும் எதிர்க்கவில்லை. சுற்றுச்சூழலைக் காப்போம் என்று மின்தூக்கியில் ஒட்டிவைத்திருக்கிற சங்கம் அது.

என் மனைவிதான் எழுந்து, "எங்க அத்தான் மர டாக்டர். விஷமே இல்லாம சரி பண்ணுவாரு. ஒரு தடவ பாக்கட்டுமே" என்றாள்.

நான் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவன். இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க, ஒழுங்காகக் குடியிருக்கிறேன் என்று வருடாவருடம் ஒரு தாளில் இதே செயலாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கும் சகலைக்கும் நடுவில் நான் நிற்க வேண்டிய எந்த அவசியமும் இருக்கவில்லை. ஆனால் செயலாளர் தலையாட்டிவிட்டார். இரண்டு மாதம் தவணை. சொட்டுவது நின்றால் மரம் பிழைக்கும். ஏழு கட்டடங்களின் தோட்டப் பராமரிப்பும் டாக்டருக்கே. நிற்காவிட்டால் கோடாலி.

சகலை வந்து மூன்று மரங்களுக்கும் நாடி பார்த்தார். பசைப் பட்டை கட்டினார். அது அசிங்கமாகத் தெரியக் கூடாதென்று மேலே பச்சை ரிப்பன் சுற்றினார். வண்டு விடும் நாளை ஒரு திறப்பு விழாவாகவே ஆக்கிவிட்டார். குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து, நம் நண்பர்கள், இயற்கையின் போர்வீரர்கள் என்றெல்லாம் பேசினார். குடியிருப்பில் பாதிப் பேருக்கு நம் மொழி தெரியாது. அதனால் அவர் பேசப் பேச நான் இந்த ஊர் மொழியில் சொல்ல வேண்டியிருந்தது. வண்டுகள் அவருடைய சொந்த ஆராய்ச்சிக்கூடத்தில், அவருடைய நேரடிக் கண்காணிப்பில் வளர்ந்தவை என்றார். அந்த வாக்கியத்துக்கு என் மொழிபெயர்ப்பு வெறுமனே 'இவை வளர்க்கப்பட்டவை' என்று முடிந்துவிட்டது.

குவளையின் துணியை எடுத்ததும் குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே மிளகுபோல, பழுப்பும் கறுப்புமாக, எந்த அழகும் இல்லாத வண்டுகள். வேனில் சிரித்த சிவப்புப் பொறிவண்டு ஒன்றுகூட இல்லை. செயலாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "என்ன டாக்டர், இதுல புள்ளியே காணோம்?" என்றார்.

"வளர வளர வரும்" என்றார் சகலை, கொஞ்சமும் யோசிக்காமல். இதையும் நான் மொழிபெயர்த்தேன்.

அன்று மாலை யாரோ எடுத்த வீடியோ அக்காவின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆராய்ச்சிக்கூடம், நேரடிக் கண்காணிப்பு, எல்லாவற்றையும் அக்கா கேட்டார். அந்தக் கூடத்துக்குள் இருந்தது யார் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அக்கா சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். சாப்பாடு மேஜைக்கு வரும், துவைத்த பச்சைச் சட்டை கட்டிலுக்கு வரும், வார்த்தை வராது. இதை நான் சொல்லக் காரணம், பின்னால் நடந்த கூத்துக்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

சில வாரங்கள் போயின. காரின் மேல் பிசுபிசுப்பு குறைந்துகொண்டு வந்தது. இல்லாமல் போவதை யார் கவனிக்கிறார்கள்? செயலாளர் கவனித்தது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக் கதவைத் தட்டி, என்னை மரத்தடிக்கு அழைத்துப் போய்த் தாழ்ந்த கிளை ஒன்றைக் காட்டினார். மாவுப்பூச்சிகளுக்கு நடுவே, அதே வெள்ளையில், ஆனால் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, உடம்பெல்லாம் நூல் நூலாகத் தொங்க, பிய்த்துப் போட்ட பஞ்சுபோல ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்றல்ல, கிளை முழுக்க.

"உங்க சகலை வைத்தியத்துல பூச்சிக்கு நல்லா சதை புடிச்சிருக்கு சார்" என்றார் செயலாளர். "நாளன்னிக்கு மரம் வெட்ற ஆளுங்கள வரச் சொல்லிருக்கேன்."

சகலை பறந்து வந்தார். கிளைக்கு மூன்று முழம் தள்ளியே நின்று பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. என் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து, "எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன் அத்தான்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"டாக்டர் வீட்ல போயி கேட்டுட்டு வந்தா ஊசி போடுவாரு?" என்றார் சகலை. குரலை உயர்த்தித்தான் சொன்னார். செயலாளர் காதில் விழ வேண்டுமே.

மறுநாள் ஒரு தண்ணீர் லாரி வந்தது. கட்டடம் கழுவுகிற அழுத்தக் குழாய் வைத்த லாரி. தொட்டியில் சோப்புக் கரைசல், அதில் இரண்டு மடங்கு யூகலிப்டஸ். பால்கனிகளில் ஜனங்கள் கூடிவிட்டார்கள். சகலை மழைக்கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, குழாயை இடுப்பில் அணைத்து, உச்சிக் கொழுந்திலிருந்து அடிமரம்வரை அடித்தார். நுரை மழையாகக் கொட்டியது. இலை கொட்டியது, பச்சை ரிப்பன் அவிழ்ந்தது, பசைப் பட்டை பிய்ந்து போனது. அந்த வெள்ளைப் பூச்சிகள் கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தன. விழுந்தவற்றில் பெரியவை சில, நுரையிலிருந்து தப்பித்து ஓடப் பார்த்தன. அப்போதுதான் சகலை தன் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார். குழாயை லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டு, ரப்பர் பூட்ஸ் காலால் அவற்றைத் துரத்தித் துரத்தி மிதித்தார். வருஷக்கணக்கில் சேர்ந்த அருவருப்பு எல்லாம் அந்தக் காலில் இறங்கியிருந்தது.

பால்கனிகளில் கைதட்டல் எழுந்தது. செயலாளர் ஆழமாக மூச்சை இழுத்து யூகலிப்டஸை ரசித்தார். "இதத்தான டாக்டர் மொதல்லயே செஞ்சிருக்கணும்" என்று கைகுலுக்கினார். மரம் வெட்டும் ஆட்களுக்கு வர வேண்டாம் என்று சொல்லி, ஏழு கட்டடங்களுக்குமான ஒப்பந்தத்துக்கு அங்கேயே வாக்குக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, மாதாமாதம் இப்படிக் கழுவ வேண்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எங்களை மாமனார் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் சகலை. பெரிய கேக் ஒன்று மேஜையில் இருந்தது. தனி வீட்டுக்குப் போவதைப் பற்றியும், வாசலில் பெயர்ப்பலகை வைப்பதைப் பற்றியும் மாமனாரின் பேப்பரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். பிறகு போர்க்களக் காட்சியை நடித்துக் காட்டினார். "ஒவ்வொண்ணும் இவ்ளோ பெருசு மாமா. ஒடம்பெல்லாம் வெள்ள வெள்ளயா தொங்குது. சாதாரண பூச்சியே இல்ல அது."

கேக்கை வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. அத்தனை வாரங்களில் முதன்முறையாக வாய் திறந்தார்.

"ஓடுச்சா?"

மனைவி பேசிவிட்ட சந்தோஷத்தில் சகலைக்குக் குரலே இனித்தது. "ஓடுச்சும்மா, நல்லா வேகமா ஓடுச்சு. விட்டேனா நான்?"

"சின்னது ஓடுச்சா, பெருசா?"

"பெருசுதான். சின்னது அப்படியே கெடந்துச்சு."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "மாவுப்பூச்சி ஓடாது. ஓடுறது நம்ம வண்டோட குட்டி. பாக்க மாவுப்பூச்சி மாதிரியேதான் இருக்கும், எறும்பு ஏமாறட்டும்னு. எறும்பு ஏமாந்துச்சோ இல்லியோ." அதற்கு மேல் சொல்லத் தேவைப்படவில்லை. ஆனாலும் சொன்னார்: "அந்த ரூம்புக்குள்ள ஒரே ஒரு நாள் எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். செவுரு பூரா அதுங்கதான்."

பேப்பர் மெதுவாக இறங்கியது. மாமனார் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தன் தட்டில் இருந்த கேக்கை மட்டும் மூத்த மகள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சகலை தொண்டையைக் கனைத்தார். எப்படியோ மரம் பிழைத்ததே என்றார். ஒப்பந்தம் வந்துவிட்டதே என்றார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு கணக்கை விளக்குகிற நிதானத்தில் பதில் சொன்னார். கழுவினால் மேலே இருப்பதுதான் போகும். பட்டை இடுக்கில் இருக்கிற முட்டை போகாது. தின்பவன் செத்துவிட்டான், பசைப் பட்டை போய்விட்டது, எறும்பு ஏறும். அடுத்த மழைக்குள் பழையதைவிட மோசமாகச் சொட்டும். அப்போது செயலாளர் லாரியைக் கூப்பிட மாட்டார், கோடாலியைத்தான் கூப்பிடுவார். சொல்லி முடித்ததும் எழுந்து போய்ப் பூசணிக்காய் அறையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சகலை எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். அந்த வீட்டில் 'யாராவது' என்று சொல்வதற்கு அன்று யாரும் இல்லை.

உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, கேக் மேல் இருந்த கிரீம் உருகிவிட்டது. வெளியே வந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. நேராகக் குளியலறைக்குப் போனவர், திரும்பி வந்து உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஓடுறது நம்மளுது. ஓடாதது அவங்களுது." இத்தனை வருடத் தொழிலில் ஒரு பூச்சியைப் பார்த்து அவர் கற்றுக்கொண்ட முதல் விஷயம் அது.

மறுநாள் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. செயலாளரிடம் போய் உண்மையைச் சொன்னார். நானும் உடன் நின்றேன், என் கையெழுத்துத் தாளை நினைத்துக்கொண்டு. கழுவ வேண்டாம், அந்தப் பெரிய வெள்ளைப் பூச்சி நம்முடையது, அதைத் திரும்ப விட வேண்டும் என்றார். செயலாளர் சிரித்தார். காரைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அத நீங்கதான டாக்டர் தொரத்தித் தொரத்தி மிதிச்சீங்க? நாங்க எல்லாரும் பாத்தமே. வீடியோகூட இருக்கு."

பிழைப்புக்காகச் சொன்ன பொய் எல்லாவற்றையும் நம்பிய மனிதர், உண்மை ஒன்று சொன்னபோது நம்பவில்லை. இனி ஒரு பெரிய வெள்ளைப் பூச்சி கண்ணில் பட்டாலும் மரம் இருக்காது என்று செயலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டுத் துணியை உதறினார். கார் முகம் பார்க்கும்படி பளபளத்தது.

சகலை வேனுக்குத் திரும்பி நடந்தார். வேனில் சாய்ந்து நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "தம்பி, அந்தாளு கழுத்த நிமுத்தி மேல பாத்திருக்காரா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அவர் பார்வை காரின் கூரையைத் தாண்டிப் போய் நான் கண்டதில்லை.

அதன் பிறகு நடந்துவருவது இதுதான். மாதாமாதம் லாரி வருகிறது. ஆள் உயரம்வரை, கைக்கு எட்டுகிற கிளைவரை, சகலை ஆர்ப்பாட்டமாகக் கழுவுகிறார். லாரிக்காரரிடம் சொல்லி அழுத்தத்தைக் குறைத்துவிட்டார். யூகலிப்டஸை மட்டும் ஏற்றிவிட்டார். முற்றத்தில் நின்றால் கண் எரிகிறது. ஜனங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள், அந்தப் படபடச் சத்தத்தைக் கேட்டு அவர் முகம் பழைய புகைக்காரர் காலத்தைப்போல மலர்கிறது. அடிமரத்தில் பசைப் பட்டை திரும்ப ஏறிவிட்டது, ரிப்பனோடு. கழுவி முடித்து எல்லாம் உலர்ந்த பிறகு, நாடி பார்க்க வேண்டும் என்று ஏணியைச் சாத்தி உச்சிக்கு ஏறுகிறார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் அக்காவின் காகிதக் குவளைகள்.

ஏணியில் அக்காவே ஏறலாமே என்று என் மனைவி கேட்டாள். "கொன்னவரு ஏறட்டும்" என்று அக்கா முடித்துவிட்டார். ஏறுவதைப் பார்க்க மட்டும் வருகிறார். ஏணிக்குக் கீழே கைகட்டி நிற்கிறார்.

மரங்கள் மூன்றும் இருக்கின்றன. சொட்டுவதும் நின்றுவிட்டது. லாரியின் மகிமை என்று செயலாளர் மற்றக் கட்டடக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். தனி வீடுதான் அமையவில்லை. சகலை பார்க்காத வீடு இல்லை; ஓர் அறையில் பூசணிக்காய் இருக்கும், அதன் மேல் பூச்சி இருக்கும் என்றதும் எந்த வீட்டுக்காரரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. பூசணிக்காய் இல்லாமல் அக்கா நகர மாட்டார். ஆகவே ஏழு கட்டடங்களின் மர டாக்டர், சங்கத்தின் பொன்னாடை பெற்றவர், இன்றும் வீட்டோட மாப்பிள்ளை.

போன மாதம் அவர் உச்சியில் இருக்கும்போது ஒன்று நடந்தது. குவளையைக் கிளையில் கவிழ்க்கையில், நூல் தொங்கும் வெள்ளைக் குட்டி ஒன்று இலைக்குப் போகாமல் அவர் மணிக்கட்டில் ஏறிவிட்டது. ஏணி லேசாக ஆடியதைப் பார்த்தேன். உதறினால் அது காரின் மேல் விழும். காருக்குப் பக்கத்தில் செயலாளர் துணியும் கையுமாக நின்றார்.

"என்ன டாக்டர், நாடி எப்படி?" என்று கீழிருந்து கேட்டார்.

சகலை கண்ணை இறுக மூடிக்கொண்டார். கையை அப்படியே நீட்டி ஓர் இலையின் மேல் வைத்து, அது தானாக இறங்கிப் போகும்வரை அசையாமல் காத்திருந்தார். "நல்லாருக்கு" என்று குரல் வந்தது. அவர் குரல்தானா என்று சந்தேகப்படும்படி மெல்லியதாக வந்தது. அக்கா கைகட்டை அவிழ்த்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கத்தவில்லை, விழவில்லை, ஒன்றைக்கூட மிதிக்கவில்லை. ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். அன்று மாலை மாமனாரிடம் சொல்லும்போது அந்தக் குட்டி முழங்கைவரை ஏறியிருந்தது. போன வாரம் கேட்டேன், தோளைத் தாண்டிவிட்டது.